ஆறு அங்குல அட்டை

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து பள்ளிக்கால நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். விளையாட்டுப் போட்டியையும் நாடகத்தையும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் நான் கைதட்டியதோடு சரி. எனக்கு எழுத இருப்பது கைப்பணி வகுப்பு மட்டும்தான். மேல்மாடியில் கடைசி அறை, ஒரு நீள மேசை, மூடி பொருந்தாத தகரப் பெட்டி, அதற்குள் சோடி சேராத நிட்டிங் ஊசிகள்.

அங்கே படித்த எவருக்கும் ரீச்சரின் ஒரு சொல் மறந்திருக்காது. பின்னியதைக் கொண்டுபோய் நீட்டுவோம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். "பிரி, பிள்ளை." குரலில் கோபமே இருக்காது. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்போம். இவரோ அடுத்த பிள்ளையின் துணியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பிரித்த நூல் சுருண்டு சுருண்டு வரும். அதைக் கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து, கீழ்நுனியில் சின்னதாக ஒரு பாரம் தொங்கவிட்டுக் காயப் போட்டால் மறுநாள் நேராகியிருக்கும். அந்த அறை யன்னலில் எந்நாளும் நாலைந்து நூல் வளையங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். வகுப்புக்கென்று இருந்த கம்பளி நூல் கொஞ்சம்தான். வருட முடிவில் எங்கள் பயிற்சித் துண்டுகள் எல்லாம் பிரிபட்டு அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் போகும். எங்களுக்கு வந்த நீல நூலும் எத்தனையோ அக்காமாரின் கைபட்டு, நரைத்து, மயிர் எழும்பித்தான் வந்தது. அதனால் அந்தக் கம்பளியில் நாங்கள் பின்னிய எதுவும் மிஞ்சவில்லை, ஒரு போர்வையைத் தவிர.

அந்தப் போர்வை நோயாளர் அறைக் கட்டிலுக்கு. வகுப்பில் 27 பேர், ஆளுக்கு இரண்டு சதுரம், மொத்தம் 54. அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு ஒன்பது. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். ரீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டார்: எட்டாம் நம்பர் ஊசி, 30 கண்ணி, 60 வரிசை, எல்லா வரிசையும் நிட். கண்ணி என்றால் ஊசியில் நிற்கும் ஒரு நூல் வளையம், நிட் என்றால் பின்னலின் அடிப்படைக் கண்ணி. கணக்கில் பிழையே இல்லை. எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னினால் இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடாக எழும்பும். அந்த மேட்டின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே கண்ணியைப்போல் இரண்டு மடங்கு வரிசை போட்டால் சதுரம் வந்துதான் ஆகவேண்டும்.

வந்தது. ஆனால் 27 பேருக்கும் 27 அளவில் வந்தது. பயந்த பிள்ளைகள் நூலை விரலில் இறுக்கிப் பிடித்து ஐந்து அங்குலத்தில் முடித்திருந்தார்கள். என்னைப்போல் கதை பேசிக்கொண்டு பின்னியவர்களுக்கு ஏழு அங்குலம். பொருத்தித் தைத்தபோது போர்வை மேசையில் படுக்க மாட்டேன் என்றது. நடுவில் குமிழ், ஓரத்தில் இழுவை. நாங்கள் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை. "என்ரை பிழை" என்று மட்டும் சொன்னார். ஓர் ஆசிரியர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, தெரியும்தானே, 54 சதுரத்தையும் பிரித்தோம்.

அடுத்த வாரம் ஆளுக்கொரு அட்டைத் துண்டோடு வந்தார். ஆறு அங்குலச் சதுரம், அவரே வெட்டியது. கரும்பலகையில் எண்ணிக்கை எதுவும் இல்லை. சதுரத்தை இந்த முறை மூலையிலிருந்து தொடங்கச் சொன்னார். ஊசியில் ஒரு கண்ணி. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போக வேண்டும். முக்கோணம் விரியும். அதன் சரிந்த ஓரத்தில் அட்டையை வைத்துப் பார்த்து, ஓரம் அட்டையின் நீளத்துக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, அங்கிருந்து வரிசைக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். கடைசியில் ஒரு கண்ணி மிஞ்சும்போது சதுரம் முடிந்திருக்கும்.

"எத்தனை கண்ணி வரும் ரீச்சர்?" என்று கேட்டோம்.

"எண்ணாதை. அட்டையை வை."

அகலமான இடத்தில் எனக்கு 38 கண்ணி இருந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு 46. இரண்டு சதுரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. இறுக்கிப் பின்னுகிறவளைத் தளர்த்தச் சொல்லாமல், தளர்த்திப் பின்னுகிறவளை இறுக்கச் சொல்லாமல், இரண்டு பேரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இதன் அருமை எனக்கு அன்று புரியவில்லை. எண்ணத் தேவையில்லை என்ற சந்தோசம் மட்டும்தான்.

புரிந்தது இப்போது, ஐந்து வருடமாக. நான் இருக்கும் இடத்தில், பொது மண்டபத்தில் வாரம் ஒரு மாலை கைவினை வகுப்பு நடத்துகிறேன். யாரும் வரலாம், கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளையிலிருந்து ஓய்வுபெற்ற ஐயாமார் வரை வருகிறார்கள். என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மா என்னை "ரீச்சர்" என்று கூப்பிடும்போது, யார் வந்திருக்கிறார்கள் என்று நான் இன்னும் திரும்பித்தான் பார்க்கிறேன்.

முதல் வருடம் செய்த பிழைகளை எழுதினால் மலரில் இடம் போதாது. தொடக்கமே கழுத்துச் சால்வை. நல்ல வடிவாக இருக்கட்டும் என்று, ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் (நிட்டின் மறுபுறம்) என்று மாறி மாறிப் பின்னக் கொடுத்தேன். முன்பக்கம் வழுவழுவென்று அழகாக வரும், உண்மை. ஆனால் அந்தத் துணியின் இரண்டு முகமும் ஒன்றல்ல. பக்க ஓரங்கள் பின்புறமாகவும் மேலும் கீழும் முன்புறமாகவும் சுருளும். நாலு வாரத்தில் எல்லோர் கையிலும் ஒரு குழாய் இருந்தது. இஸ்திரி போட்டால் நேராகுமா என்று ஒருவர் கேட்டார். ஆகாது, செயற்கை நூலென்றால் சூட்டில் துணியே செத்துப்போகும். எல்லா வரிசையும் நிட்டாக இருக்கும் துணி இரு முகமும் ஒன்றாக இருப்பதால் சுருளாது. ரீச்சர் ஏன் எங்களுக்கு அதை மட்டுமே தந்தார் என்பது அந்தக் குழாய்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இன்னொன்று, சால்வை முடிவதற்குள் ஆள் சலித்துவிடும். பதினான்கு பேர் தொடங்கி, கட்டி முடித்தவர் இரண்டு பேர். ஒருவர் நான்.

ஊசி வாங்கியதிலும் ஒரு கூத்து. ரீச்சரின் எட்டாம் நம்பர் என் மண்டையில் பதிந்திருந்ததால், வகுப்புக்கு எட்டாம் நம்பர் ஊசியே எடுத்தேன். வந்தவை தடித்துப்போய் இருந்தன. பெட்டியில் இருந்தது அமெரிக்க எட்டு, அது 5 மில்லிமீற்றர். நாங்கள் படித்த பழைய பிரித்தானிய எட்டு 4 மில்லிமீற்றர். அந்தப் பழைய முறையில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும், பத்தாம் நம்பர் 3.25 மில்லிமீற்றர். அமெரிக்க முறையில் நம்பர் கூடக்கூட ஊசி தடிக்கும். இப்போது நான் நம்பரே சொல்வதில்லை, மில்லிமீற்றர்தான்.

ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். பிரித்தானியர் டபிள் குரோஷே என்று சொல்லும் கண்ணியை அமெரிக்கர் சிங்கிள் என்பார்கள். பிரித்தானிய ட்ரெபிள் அமெரிக்கருக்கு டபிள். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் ஒரே குறிப்பை வைத்து ஒரே பூவைப் பின்னினார்கள். ஒன்று கைக்குள் அடங்கியது, மற்றது உள்ளங்கையை மூடியது. இரண்டு பேரும் தாங்கள் சரி என்று சண்டை, இரண்டு பேரும் சரிதான். அப்புறம் நான் குறிப்புகளை வாசிப்பதை விட்டுவிட்டுப் படம் போட்டுக் காட்டத் தொடங்கினேன்.

குரோஷே என்றதும் இன்னொரு நினைவு. பத்தாம் வகுப்பில் மேசைக்கு வட்டவிரிப்பு பின்னினோம். டபிள் குரோஷேயில் வட்டம் தட்டையாக இருக்க வேண்டுமானால், ஆறில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்ட வேண்டும்: 6, 12, 18, 24. குறைத்துக் கூட்டினால் கிண்ணமாகக் குழியும். அதிகம் கூட்டினால் ஓரம் அலையலையாக மடியும். என் தோழி ஒருத்தி (இந்த மலரை வாசிப்பாள், பெயர் போட மாட்டேன்) எல்லாக் கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டுக்கொண்டே போனாள். விரிப்பு கடற்பாசிபோல் சுருண்டு எழும்பியது. நாங்கள் எல்லோரும் "பிரி" என்ற சொல்லுக்குக் காத்திருந்தோம். ரீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கிடக்கட்டும்" என்று தன் மேசையில் வைத்துக்கொண்டார். நேரம் இருந்தும் அவர் பிரிக்கச் சொல்லாத பிழை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பல வருடம் கழித்து ஒரு செய்தி வாசித்தேன். டைனா டைமினா என்ற லாத்வியக் கணிதவியலாளர் 1997இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் படிப்பதற்காக அதிபரவளையத் தளம் என்ற, எங்கும் சேணம்போல் வளைந்த வடிவத்தைக் குரோஷேயில் பின்னினாராம். செய்த வழி இதுவேதான், ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போவது. தோழிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப எனக்குப் புள்ளி போட்டிருக்கலாம்" என்றாள்.

நிட்டிங்குக்கு வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589இலேயே யந்திரம் கண்டுபிடித்துவிட்டார். குரோஷேயை உள்ளபடி பின்னும் யந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. கடையில் தொங்குவது உண்மையான குரோஷே உடுப்பென்றால் யாரோ ஒருவர் கையால் பின்னியது. இதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வகுப்பில் குரோஷே மேசைக்கு ஆள் கூடிவிட்டது.

இரண்டாம் வருடம் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னினோம். ஒரு மருத்துவமனைக்கு 22 தொப்பிகள் கொண்டுபோனேன், பாதிக்கு மேல் திரும்பி வந்தன. சில மயிர் எழும்பும் நூல், குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போகும். சிலவற்றில் தைத்த சின்னப் பூக்கள், கழன்றால் ஆபத்து. மிச்சம் பெரிதாகிப் போனவை. எனக்கு முகம் செத்துவிட்டது. முதலே போய்க் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்ததும் வகுப்பில் எழுந்து நின்று, "என்ரை பிழை" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. தொப்பிகளை எல்லோருமாகப் பிரித்தோம். நூலைக் கதிரை முதுகில் சுற்றியவர்கள் அதை ஒரு விளையாட்டுப்போல் செய்தார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பில் புதிதாக வருகிற எவருக்கும் முதலில் கொடுப்பது அட்டைதான். ஆறு அங்குலம். பருத்தி நூலில் ஒரு மூலைச் சதுரம், கூட்டு, வை, குறை. ஓரிரு மாலையில் முடிந்துவிடும். முடிந்ததைப் பாத்திரம் துடைக்கவும் எடுக்கலாம், இரண்டைச் சேர்த்துத் தைத்துச் சூடு பிடிக்கவும் எடுக்கலாம். சூடு பிடிக்கிற எதற்கும் பருத்தி நூல் மட்டும்தான், செயற்கை நூல் உருகிக் கையில் ஒட்டும். நிட்டும் பர்லும் பிரித்தறியத் தெரியாதவர்களுக்கு ரீச்சர் சொன்னதையே சொல்கிறேன்: கண்ணி கழுத்தில் மணி போட்டிருந்தால் பர்ல், போடாமல் கழுத்தைத் திறந்து காட்டினால் நிட். இடக்கைக்காரர்களை என் பக்கத்தில் இருத்துவதில்லை, எதிரே இருத்துகிறேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் என் வலக்கை அவர்களுடைய இடக்கையாகிவிடும். இதுவும் அவரிடம் களவெடுத்ததுதான். எங்கள் வகுப்பில் இரண்டு இடக்கைப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் ஏன் எப்போதும் ரீச்சருக்கு நேரே இருந்தார்கள் என்று நாங்கள் பொறாமைப்பட்டிருக்கிறோம்.

மண்டபத்துச் சதுரங்களைச் சேர்த்து இதுவரை மூன்று போர்வை முடித்திருக்கிறோம். பின்னியவர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. சதுரங்கள் குமிழாமல் பொருந்துகின்றன.

இனி, இதை எழுத ஒத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம். நோயாளர் அறைப் போர்வை, இரண்டாம் முறை பின்னியது, நாங்கள் பள்ளியை விட்டு வரும்வரை அந்தக் கட்டிலில் கிடந்தது. பிறகு அது எங்கே போனது என்று நான் கேட்டவர்களில் எவருக்கும் தெரியவில்லை. நமக்குப் பின்னால் படித்தவர்களில் யாராவது காய்ச்சலோடு அதைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். கண்டிருந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். அடையாளம் சொல்கிறேன். தலைமாட்டிலிருந்து இரண்டாவது வரிசை, இடது ஓரம், நரைத்த நீலம். அதன் நடுவில் ஒரு கண்ணி விழுந்து, கீழே ஓடாமல் இருக்கக் கறுப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருக்கும். கண்ணி விழவிட்டது நான். முடிச்சு ரீச்சருடையது. மறுநாள் காலை போர்வையைக் கொடுக்க வேண்டியிருந்ததால் பிரிக்க நேரம் இருக்கவில்லை.