எஸ்ஆர்-22 வாங்கி லைசென்ஸை மீட்ட கதை

இடித்தவர் அவர், லைசென்ஸ் போனது எனக்கு. சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. ஆனால் கலிபோர்னியாவில் சட்டம் அப்படித்தான்.

2024 பிப்ரவரியில் சன்னிவேலில் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த கார் மோதியது. யாருக்கும் அடியில்லை, பம்பரும் டிக்கியும்தான் நசுங்கின. அவரிடம் காட்ட இன்சூரன்ஸ் ஆப்பைத் திறந்தபோதுதான், மூன்று வாரம் முன்பே என் பாலிசி ரத்தாகியிருந்தது தெரிந்தது. மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்த கார்டு காலாவதி ஆகிவிட்டது. எச்சரிக்கைக் கடிதங்கள் பழைய வீட்டுக்குப் போயிருக்கின்றன. வீடு மாறினால் 10 நாளுக்குள் டிஎம்வியிடம், அதாவது லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் கவனிக்கும் மாநில அலுவலகத்திடம், சொல்ல வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிரவே புதிய பாலிசி எடுத்தேன். கொஞ்ச நாளில், வண்டியின் பதிவை நிறுத்திவைத்திருப்பதாகத் தெரியவந்தது. புதிய பாலிசி விவரத்தைக் கொடுத்து 14 டாலர் கட்டினேன், சரியாகிவிட்டது. இவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அது வண்டியின் கணக்கு. லைசென்ஸின் கணக்கு தனி.

கலிபோர்னியாவில் ஒரு விபத்தில் யாருக்காவது காயம்பட்டாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, எஸ்ஆர்-1 என்ற படிவத்தை 10 நாளுக்குள் டிஎம்விக்கு அனுப்ப வேண்டும். போலீஸ் வந்தாலும் வராவிட்டாலும், தப்பு யார்மேல் இருந்தாலும், இது கட்டாயம். இந்தக் காலத்தில் பம்பரைத் தொட்டாலே ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அதில் விபத்து நாளன்று இருந்த இன்சூரன்ஸ் விவரத்தைக் கேட்பார்கள். விபத்துக்குப் பிறகு எடுத்த பாலிசி செல்லாது. உள்ளபடி எழுதி அனுப்பினேன். சில வாரங்களில் சஸ்பென்ஷன் கடிதம் வந்தது.

மொத்தம் நான்கு வருடம். முதல் வருடம் லைசென்ஸ் இல்லாமலே போக வேண்டியதுதான். அடுத்த மூன்று வருடம், எஸ்ஆர்-22 என்ற இன்சூரன்ஸ் சான்றைக் கொடுத்து அதை விடாமல் வைத்திருந்தால் லைசென்ஸ் கையில் இருக்கும். முதல் வருடத்திலேயே வேலைக்குப் போய்வர மட்டும் கட்டுப்பாட்டோடு லைசென்ஸ் கேட்கலாம் என்று பிறகு தெரிந்தது. அதற்கு 250 டாலர் அபராதக் கட்டணம், கூடவே அப்போதே எஸ்ஆர்-22. எனக்கு இது தெரிந்தபோது பாதி வருடம் போயிருந்தது. பஸ் பழகிவிட்டதால் விட்டுவிட்டேன். எல் கமினோ சாலையில் நான் ஏறிய பஸ்ஸின் எண்ணும் 22தான். என் மனைவி இதை வைத்தே ஒரு வருடம் கிண்டல் செய்தாள்.

எஸ்ஆர்-22 என்பது ஒரு இன்சூரன்ஸ் வகை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 'இவருக்குச் சட்டம் கேட்கும் அளவு இன்சூரன்ஸ் இருக்கிறது, நின்றால் சொல்கிறோம்' என்று கம்பெனி டிஎம்விக்குக் கொடுக்கும் சான்று, அவ்வளவுதான். நாமாக அதை நிரப்பி அனுப்ப முடியாது. கம்பெனிதான் அனுப்ப வேண்டும், எல்லாக் கம்பெனியும் அனுப்புவதில்லை. எங்கள் கம்பெனி அனுப்பாது என்று கைவிரித்துவிட்டது. அதற்கு முன்பே, லைசென்ஸ் போனது தெரிந்ததும், மனைவி ஓட்டும் எங்கள் காரின் பாலிசியில் என்னை 'விலக்கப்பட்ட ஓட்டுநர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதாவது அந்த வண்டியை நான் எடுத்து ஏதாவது ஆனால் அவர்கள் பொறுப்பில்லை.

வண்டி இல்லாதவர்களுக்கென்று ஒரு பாலிசி உண்டு, நான்-ஓனர் என்பார்கள். மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட இருந்தேன். ஏஜென்ட் அம்மாள் ஒரு கேள்விதான் கேட்டார்: "வீட்டில் நீங்கள் எடுத்து ஓட்டக்கூடிய கார் இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். "அப்படியானால் இது உங்களுக்குச் சரிப்படாது. அந்தக் காரில் இது உங்களைக் காப்பாற்றாது" என்றார். ஒரு விற்பனையைத் தானே விட்டுக்கொடுத்த அந்த நேர்மையை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து, எஸ்ஆர்-22 அனுப்பும் வேறு கம்பெனிக்கு மாறினோம். சான்று அனுப்ப 25 டாலர்தான். பிரீமியம்தான் உறைத்தது.

இதற்குள் 2025 பிறந்து, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இன்சூரன்ஸ் அளவும் கூடியிருந்தது. முன்பு ஒருவர் காயத்துக்கு 15,000, ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு 30,000, பொருள் சேதத்துக்கு 5,000 டாலர். ஜனவரி 1 முதல் அது 30,000, 60,000, 15,000. பழைய அளவு பல வருடமாக மாறாமலே இருந்தது, கூட்டியது நியாயம்தான். எனக்கு நேரம்தான் சரியில்லை.

வருடம் முடிந்ததும் கம்பெனி ஆன்லைனிலேயே சான்றை அனுப்பியது. 55 டாலர் கட்டணத்தைக் கட்டினேன். டிஎம்வி பதிவில் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சாவியைத் தொட்டேன். கம்பெனி 'அனுப்பிவிட்டோம்' என்று சொன்னதை மட்டும் நம்பி வண்டியை எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு தடவை, இன்னொரு கம்பெனியில் விலை குறைவென்று பழையதை நிறுத்தச் சொல்லி ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, யோசித்தேன். பாலிசி நின்றால் கம்பெனி எஸ்ஆர்-26 என்ற அறிவிப்பை டிஎம்விக்கு அனுப்பும், லைசென்ஸ் மறுபடி போகும். புதிய கம்பெனியின் எஸ்ஆர்-22 போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பழையதை நிறுத்தினேன். இரண்டு வாரத்துக்கு இரட்டைப் பிரீமியம். வருத்தமில்லை.

2028 வரை இப்படித்தான். இப்போதெல்லாம் ஆறு மாதத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுகிறேன். புது கார்டு எப்போது காலாவதி ஆகிறது என்று ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள் மனைவி.