மூன்றெழுத்து நம்பர் வண்டி: ஒரு பழைய இண்ட்-சுசுகியை ஓட வைத்த கதை

பழைய டூ ஸ்ட்ரோக் பைக் தேடுகிறேன் என்றாலே "யமஹா ஆர்எக்ஸ் 100-ஆ?" என்றுதான் கேட்பார்கள். இல்லை. நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோனது. ஆனால் இன்று கேட்கிற விலையில் பாதி அந்தப் பெயருக்குத்தான் போகிறது. அந்தக் காசில் வேறொரு வண்டி வாங்கி, எஞ்சினை முழுசாகப் பிரித்துக் கட்டி, மிச்சமும் வைத்துக்கொள்ளலாம்.

என்ஃபீல்டு ஃபேக்டரி அமைந்த திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு என்ஃபீல்டைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அந்தப் பெயரில் புல்லட் மட்டும் வரவில்லை. 80-களில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் ப்ளஸ், மோஃபா என்று குட்டி டூ ஸ்ட்ரோக்குகளும் வந்தன. ஒரு எக்ஸ்ப்ளோரர் கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்தது. ஆசையாகத்தான் இருந்தது. வாங்குவதற்கு முன்பே பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டும் எங்கே கிடைக்கும் என்று சென்னையின் ஸ்பேர் சந்தையான புதுப்பேட்டையில் கேட்டேன். கடைக்குக் கடை சிரித்தார்கள். அதோடு விட்டுவிட்டேன். முதல் புராஜெக்ட்டுக்கு ஸ்பேர் கிடைக்கிற வண்டியைத்தான் எடுக்க வேண்டும். அபூர்வ வண்டியெல்லாம் அப்புறம்.

கடைசியில் அமைந்தது ஒரு இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. ஓசூரில் டிவிஎஸ்ஸும் சுசுகியும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் இறக்கிய 98 சிசி வண்டி. கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்கு மூடிக் கிடந்தது. 1989-க்கு முந்தைய பதிவு, அதனால் மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் பழைய நம்பர். எனக்கு அந்த நம்பர் பிளேட்டே பாதி விலை பெறும்.

நான் முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, ஹேண்டில் பாரைத் திருப்பி ஸ்டீரிங் கழுத்தில் இருக்கும் சேஸ் நம்பரை. கடற்கரை ஓரத்து வண்டிகளில் உப்புக் காற்று அந்த இடத்தை அரித்துவிடும். அதன் மேல் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருந்தால் நம்பர் படிக்க வராது. படிக்க வராத நம்பரோடு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து ஆர்சி புத்தகத்தோடு (பதிவுச் சான்று) ஒப்பிட்டேன். சரியாக இருந்தது.

சிக்கல் வேறு இடத்தில். ஆர்சி அந்த வீட்டு அண்ணனின் அப்பா பெயரில். அப்பா காலமாகிவிட்டார். பதிவுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் நம்பரைப் போட்டால் வண்டியே இல்லை என்கிறது. பலர் இந்த இடத்தில் "பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம் ப்ரோ" என்பார்கள். அந்த "அப்புறம்" வரவே வராது. நான் அந்த அண்ணனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: அட்வான்ஸ் இப்போது, மீதிப் பணம் பெயர் மாற்றம் முடிந்த பிறகு. ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். "நீங்க அலைஞ்சா எனக்கென்ன தம்பி, கூப்பிட்ட இடத்துக்கு வர்றேன்" என்றார், சொன்னபடி வரவும் செய்தார்.

அந்த அண்ணன் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுக்கிற இடைவெளியில் நான் எஞ்சினைப் பிரித்தேன்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, கேம் இல்லை, எளிது என்பார்கள். எளிதுதான். ஆனால் பிஸ்டனுக்குக் கீழே, க்ராங்க் தண்டு சுழலும் அறையான க்ராங்க் கேஸும் பம்ப் மாதிரி வேலை செய்தாக வேண்டும். பெட்ரோலும் காற்றும் கலந்து முதலில் அங்கேதான் வருகின்றன. க்ராங்கின் இரண்டு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள் காய்ந்திருந்தால் கதை முடிந்தது. மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும், கலவையில் பெட்ரோல் குறைந்து மெலியும், ஐடில் (ஆக்சிலேட்டர் தராதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக ஏறும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். இது தெரியாமல் கார்புரேட்டரைத் திருகித் திருகியே நாளைக் கழிக்கிறவர்கள் ஏராளம்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் சீலைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான். பிஸ்டனையும் க்ராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டினால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. என்னுடையதில் 'டக்' என்று கேட்டது. ராட் கிட் வாங்கி, பிரஸ்ஸில் க்ராங்கைப் பிரித்து, புதுப் பின் ஏற்றி, நூலளவு கோணலையும் காட்டும் டயல் கேஜ் வைத்து நேர் பார்த்துத் தருகிற பட்டறை ஒன்று வியாசர்பாடியில் கிடைத்தது. டயல் கேஜ் இல்லாமல் சுத்தியலும் கண் மதிப்புமாகச் செய்கிற இடத்தில் க்ராங்கைக் கொடுக்காதீர்கள்.

சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்த, அதாவது போர் பண்ண, லேத் பட்டறைப் பெரியவரிடம் போனேன். வாசலிலேயே கேட்டார்: "பிஸ்டன் எங்க தம்பி?"

"நீங்க போர் பண்ணுங்க, அதுக்கேத்த மாதிரி வாங்கிக்கிறேன்."

"பிஸ்டனை எடுத்துட்டு வா. அப்புறம் போர் பேசலாம்."

அவர் சொன்னதுதான் முறை. ஓவர்சைஸ் 0.50 (அரை மில்லிமீட்டர் பெரியது) என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் அளவு நூலளவு மாறும். கையில் இருக்கிற பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்குத்தான் போர் செய்ய வேண்டும். புதுப்பேட்டையில் நான் வாங்கிய முதல் பிஸ்டனை அவர் அளந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பெட்டி மட்டும்தான் ஒரிஜினலாம், உள்ளே இருந்தது டூப்ளிகேட். கடைக்காரர் முனகிக்கொண்டே மாற்றித் தந்தார். போர் முடிந்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளான போர்ட்டுகளின் விளிம்புகளைச் சற்றுத் தேய்த்து மழுக்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். அவசரக்காரர்கள் இதை விட்டுவிடுவார்கள். பெரியவர் விடவில்லை. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு சோதனை. கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் ஐந்தாறு பிஎஸ்ஐ மட்டும் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது. சிலிண்டருக்கு அடியில் உள்ள பேஸ் பேக்கிங்கில் ஓரிடத்தில் குமிழி வந்தது. அங்கேயே பிடிபட்டதால் புதுப் பிஸ்டன் பிழைத்தது.

பெயின்ட், சீட், ஸ்போக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய நிறத்தையே அடித்தேன். நிறம் மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும், அந்த அலைச்சல் வேண்டாம்.

ஆர்டிஓ வேலை எஞ்சினைவிட நீளம். முதலில் பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அசல் ஆர்சி புத்தகம் இருந்ததால்தான் அது நடந்தது. பிறகு வாரிசு பெயருக்குப் படிவம் 31, பதிவு நீட்டிப்புக்குப் படிவம் 25, என் பெயருக்கு 29-ம் 30-ம். 20 வருஷம் தாண்டிய டூ வீலருக்கு நீட்டிப்புக் கட்டணம் 2025-இல் 2,000 ரூபாயாக ஏறியது, பசுமை வரி தனி. ஆய்வாளர் சேஸ் நம்பரைத்தான் முதலில் பார்த்தார். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்து, ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார். நீட்டிப்பு ஐந்து வருஷத்துக்கு.

இப்போது ரன்னிங்-இன், அதாவது புதுப் பிஸ்டன் பழகும் காலம். லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் (2டி) டேங்கிலேயே கலக்கிறேன், பழகியதும் குறைப்பேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் கலவை மெலிவதால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன். பிளக்கைக் கழற்றினால் காப்பித்தூள் நிறம், கலவை சரி என்று அர்த்தம், அதனால் இப்போதைக்கு ஜெட்டைத் தொடப் போவதில்லை. பெட்ரோல் டியூபும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடிலும் இ20 தாங்குகிற ரகமாக மாற்றிவிட்டேன். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கின் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன். வலப்பக்க சைடு பேனல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.