கடிர்கா மாதிரி, மூன்றாம் மாதம்: தொட்டியில் இரண்டு முறை மூழ்கியது

போன தடவை ஏராக்கட்டையும் (கப்பலின் அடி முதுகெலும்பு) விலாச் சட்டங்களும் முடிந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். இப்போது கப்பல் முழுசாக நிற்கிறது. தண்ணீரிலும் இறக்கியாயிற்று.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக: 1554 ஆகஸ்டில் ஓமன் கரையோரம் போர்ச்சுகீசியரோடு மோதிய ஓட்டோமான் தளபதி சைதி அலி ரெயிஸ் வைத்திருந்த மாதிரி ஒரு துடுப்புக் கப்பலை (துருக்கியில் கடிர்கா என்பார்கள்) 1க்கு 100 அளவில் பால்சா மரத்தில் செய்கிறேன், எதிரே நிறுத்த ஒரு போர்ச்சுகீசிய கேலியனும் (பெரிய பாய்மரப் போர்க்கப்பல்) உண்டு. மத்தியதரைக் கடலில் எல்லோரையும் நடுங்க வைத்த ஓட்டோமான் கடற்படை அரபிக் கடலுக்கு வந்ததும் ஏன் திணறியது என்று கேட்டால், துடுப்புக் கப்பல் பெருங்கடலுக்கு ஆகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆகாது என்றால் எப்படி ஆகாது? அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடு.

நீளம் 42 செ.மீ., அகலம் ஐந்தரை செ.மீ. கையில் எடுத்தால் கப்பல் மாதிரியே இல்லை, பென்சில் டப்பா மாதிரி இருக்கிறது. பக்கத்துக்கு 25 துடுப்பு, ஒவ்வொன்றும் 12 செ.மீ. பால்சாவில் இழைத்தால் ஒடிந்துகொண்டே இருந்தது, கடைசியில் தென்னை ஈர்க்குதான் கைகொடுத்தது. வீட்டு விளக்குமாறு பாதியாக இளைத்துவிட்டது, அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நடுவில் மரம் தீர்ந்து, ஆர்டர் போட்ட கடையிலிருந்து வர 11 நாள் ஆனது. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நாட்களில் ஓட்டோமான்களின் சூயஸ் கப்பல் பட்டறையைப் பற்றிப் படித்ததில் வாயை மூடிக்கொண்டேன். அங்கே சுற்றிலும் மணல்தான், கப்பல் கட்டத் தோதான மரம் கிடையாது. அனதோலியாவில் (இன்றைய துருக்கி) வெட்டி, கடல் வழியே அலெக்சாண்டிரியா, நைல் நதியில் கெய்ரோ, அங்கிருந்து ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் தாண்டிச் சூயஸ். 1538இல் எகிப்தின் ஆளுநர் ஹாதிம் சுலைமான் பாஷா எழுபது சொச்சம் கப்பல்களோடு, குஜராத் கரையில் போர்ச்சுகீசியர் வைத்திருந்த டையூ கோட்டையை முற்றுகையிடக் கிளம்பியது இந்தப் பட்டறையிலிருந்துதான். கோட்டை விழவில்லை, நவம்பரில் திரும்பிவிட்டார். எனக்கென்னவோ அவர் தோற்றதைவிட அத்தனை கப்பலை அங்கே கட்டி முடித்ததுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரி, தொட்டிக்கு வருவோம். மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து, இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிரப்பினேன். காற்றுக்கு டேபிள் ஃபேன், அலைக்கு ஒரு பலகை.

குடிதண்ணீரின் எடைதான் இந்தக் கப்பலைக் கவிழ்த்திருக்கும் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர், துடுப்பு வலிப்பவர்களும் வீரர்களுமாக 250 பேர், இரண்டு வாரம் என்று போட்டால் 7 டன் வருகிறது. நூறில் ஒரு பங்கு மாதிரிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றுமே நூறில் ஒன்றாவதால் எடை பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஆக 7 கிராம். ஏழு கிராம் ஈயக்குண்டை வைத்தேன், அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை! மூன்று மாதமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வந்த கதை அதோடு போயிற்று. தண்ணீரின் தொல்லை எடையில் இல்லை, அது தீர்ந்துபோவதில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரை ஏறியே தீர வேண்டும், ஏறுகிற துறைமுகம் எதிரி கையில் இருந்தால் அவ்வளவுதான். பாரசீக வளைகுடாவின் வாயிலில் இருக்கும் ஹோர்முஸ் 1515இலிருந்து போர்ச்சுகீசியர் கையில்.

பீரங்கி விஷயம் வேறு. கடிர்காவில் பெரிய பீரங்கிகள் எல்லாம் அணியத்தில் (முன்முனை), முன்பார்த்து இருக்கும், நடுவில் ஒன்று பெரிது, இரு பக்கமும் சின்னவை. ஆறு கிராம் ஈயத்தை அங்கே ஒட்டியதும் மூக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. தண்ணீருக்கு மேல் தெரிகிற விளிம்பே ஒரு செ.மீ.தான், அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை.

பலகையை ஆட்டி ஒரு செ.மீ. அலை எழுப்பினேன், துடுப்புத் துவாரம் வழியே லேசாக ஈரம். மூன்று செ.மீ. போனதும் (அசலில் 3 மீட்டர், தென்மேற்குப் பருவக்காற்று நாளில் அரபிக் கடலில் சாதாரணம்) அலை முன்பக்கம் ஏறி, நடைபாதை முழுக்க ஓடி, அமரம் (பின்முனை) வரை நிறைத்துவிட்டது. நாற்பது விநாடி. இரண்டாம் முறை ஓரங்களில் துணி மறைப்பு கட்டிப் பார்த்தேன், கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்து அதுவும் போயிற்று. இதை அப்படியே நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கப்பலைச் சின்னதாக்கலாம், தண்ணீரைச் சின்னதாக்க முடியாது.

சைதி அலிக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1552இல் அவருக்கு முன்பிருந்த ஓட்டோமான் தளபதி பீரி ரெயிஸ் ஹோர்முஸைப் பிடிக்க முடியாமல் பாஸ்ராவுக்குப் போய், கப்பல்களை அங்கேயே விட்டுவிட்டு மூன்றே கப்பல்களோடு கிளம்பினார், அதற்காகக் கெய்ரோவில் அவர் தலையை வாங்கினார்கள். அந்தப் பழைய கப்பல்களில் 15ஐச் சூயஸுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை சைதி அலி தலையில் விழுந்தது. 1554 ஆகஸ்ட் 10 கோர்ஃபக்கான் அருகே முதல் மோதல், சமாளித்துவிட்டார். 25ஆம் தேதி மஸ்கட் அருகே இரண்டாவது, ஆறு கப்பல் போயிற்று. மிஞ்சியவற்றைக் காற்று நடுக்கடலுக்கு அடித்துக்கொண்டு போய்க் குஜராத் கரையில் தள்ளியது. அந்தப் புயலை யானைப் புயல் என்றே எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குத் தரைவழியாகவே திரும்பினார், வழியில் டெல்லியில் இருந்தபோதுதான் ஹுமாயூன் படியில் விழுந்து இறந்தார். மனிதருக்கு என்ன ராசியோ.

ஆனால் கேலியனை ஏகத்துக்கும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். முதலில் அதுதான் குப்புறக் கவிழ்ந்தது, அமரத்தில் அடுக்கு மாளிகை மாதிரி உயரம். அடியில் 60 கிராம் ஈயக்குண்டு போட்ட பிறகுதான் நின்றது, அப்புறம் மூன்று செ.மீ. அலைக்கு அசரவில்லை. பிறகு ஃபேனை நிறுத்தினேன். கேலியன் அப்படியே நின்றுவிட்டது. கடிர்காவை நூலால் மெல்ல இழுத்து, கேலியனின் பக்கவாட்டுப் பீரங்கிகளுக்கு எட்டாமல் பின்னால் கொண்டுபோய் நிறுத்த முடிந்தது. செங்கடல் ஏன் கடைசிவரை போர்ச்சுகீசியர் கைக்கு வரவில்லை என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. 1541இல் போர்ச்சுகீசிய ஆளுநர் எஸ்தெவாவ் ட காமா சூயஸைக் கொளுத்தப் போனபோது பெரிய கப்பல்களைச் செங்கடல் துறைமுகமான மசாவாவில் நிறுத்திவிட்டுத் துடுப்புள்ள சின்னக் கலங்களோடுதான் போனார், அங்கே காவல் பலமாக இருக்கவே திரும்பிவிட்டார்.

அதனால் அடுத்தது ஃபுஸ்டா, போர்ச்சுகீசியரே ஓட்டிய சின்னத் துடுப்புக் கலம். 1538இல், டையூ முற்றுகைக்குச் சில மாதம் முன்பு, ராமேஸ்வரம் பக்கம் வேதாளையில் மரக்காயர்களின் படையைப் போர்ச்சுகீசியத் தளபதி மார்த்திம் அஃபோன்சோ ட சோசா முறியடித்த சண்டையும் ஆழமில்லாத கடலில்தான், அங்கே கேலியனுக்கு வேலையே இல்லை. நீளம் 20 செ.மீ. என்று வைத்து வரைபடம் ஆரம்பித்திருக்கிறேன். ஈர்க்கு மட்டும் இந்த முறை காசு கொடுத்து வாங்கியாயிற்று.