சவால்கள் கட்டம்

"மேனேஜர் சப்போர்ட் இல்லை."

ஆபீஸில் நம் வேலையை மதிப்பிடும் அப்ரைசல் ஃபார்மில் 'சவால்கள்' என்ற கட்டத்தில் ஒருத்தர் அடித்து வைத்திருந்த வரி. இன்னும் சப்மிட் பண்ணவில்லை, நல்லவேளை.

மூணே வார்த்தை. எழுதினவருக்கு அது மூணு மாசக் கோபம். படிக்கிறவருக்கு வெறும் புகார்.

அதையே இப்படி எழுதலாம்: "ஜனவரி முதல் மார்ச் வரை 9 வேலைகளில் 4-க்கு முழு விவரம் டெலிவரிக்கு 2 நாள் முன்புதான் கிடைத்தது. டெஸ்டிங்கை ஒரே நாளில் முடித்ததால் 2 பிழைகள் கிளையன்ட் வரை போயின. திங்கட்கிழமைதோறும் 15 நிமிடம் பேசினால் தவிர்க்கலாம்."

யார் பெயரும் இல்லை. எண்ணிக்கை, விளைவு, கேட்கிற உதவி.

'எப்பவும்', 'யாருமே' ரெண்டையும் அழிச்சிடுங்க. ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டினால் மொத்தமும் அடிபட்டுப்போகும்.

சப்மிட் பண்ணுவதற்கு ஒரு வாரம் முன்பே மேனேஜரிடம் நேரில் சொல்லிடணும். ஃபார்மை அவருக்கு மேலே இருப்பவரும் பார்ப்பார் இல்லையா? மேனேஜரே அங்கேதான் முதல்முறை படிக்கிறார் என்றால் விஷயத்தை விட்டுவிட்டு உங்களை மறுக்கத்தான் பார்ப்பார்.

பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் இந்தக் கட்டமே வேண்டாம். பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புக்கான 2013 சட்டப்படி, ஆபீஸிலேயே இதற்கென இருக்கும் உள்ளகக் குழுவிடம், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள், எழுத்தில் புகார் கொடுக்கணும்.