கராஜில் எத்தனை பாகை

நவம்பர் 16
காலை வெளியே -4, கராஜுக்குள் 1. ஸ்பனரைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் விரல் விறைக்கிறது. அதனால் இன்று ஒரே வேலைதான்: வாங்கிய பழைய காரின் எஞ்சினிலும் ரேடியேற்றரிலும் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை இறக்கினேன். உறையாமல் தடுக்கும் அன்ரிஃப்றீஸ் கலந்ததா வெறும் தண்ணீரா என்று விற்றவருக்கே நினைவில்லை. வெறும் தண்ணீர் உள்ளே உறைந்தால் விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சிசி. இத்தனை காலம் தாங்கிய எஞ்சின் என் கையில் வெடிக்கக் கூடாது.

நவம்பர் 17
அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 22
பக்கத்துத் தெரு அண்ணை மண்ணெண்ணெய் ஹீற்றர் ஒன்று தந்தார். பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, கார்பன் மொனொக்சைட் அலாரத்தையும் மாட்டிவிட்டுக் கொளுத்தினேன். ஒரு மணித்தியாலத்தில் 12 பாகை வந்தது. கையுறையைக் கழற்றி காபரேற்றரைப் பிரித்தேன்.

ஒளித்து வைத்தது வீண். மணம் சமையலறைக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. கதவடியில் நின்று அதிக நேரம் பார்த்தார். “ஆற்றை கார் தம்பி?” என்றார். எங்கடைதான் அப்பா என்றேன். “மண்ணெண்ணெயிலையோ ஓடுது?”

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். பெற்றோல் வராத காலம். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவின் கார் ஓடினால் வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். கர்ப்பிணிகளையும் காய்ச்சல்காரரையும் அந்தப் புகைக்குள்தான் ஏற்றிப் போனார்.

நவம்பர் 23
காலையில் காரெல்லாம் வியர்த்திருந்தது. கூரை, மட்காட், நேற்றுத் தேய்த்து மினுக்கி வைத்த பிறேக் டிரம், எல்லாவற்றிலும் நீர்த்துளி. டிரம்மில் செம்மஞ்சள் துருவும் பூத்துவிட்டது. பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக வெளியே வருகிறது. புகைபோக்கி இல்லாத ஹீற்றர் அதை அறைக்குள்ளேயே விட, குளிர்ந்த இரும்பு பிடித்துக்கொள்கிறது. காருக்குச் சூடு காட்டுகிறேன் என்று நினைத்து இரவு முழுக்க மழையில் விட்டிருக்கிறேன். புரொபேன் என்றாலும் இதே கதைதான்.

ஹீற்றரைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா இரண்டு தரம் கேட்டார், ஏன் மணம் வரவில்லை என்று.

நவம்பர் 30
சூடு பிறகு. முதலில் ஓட்டை. 11 அடிக்கு 20 அடிக் கராஜ்தான், ஆனால் பெரிய கதவின் அடியில் விரல் போகும் இடைவெளி. புது ரப்பர் போட்டேன். கதவு மெல்லிய தகரம் என்பதால் ஒவ்வொரு தட்டுக்கும் நுரைப்பலகை வெட்டிச் சொருகினேன். வெளிச்சுவரில் கம்பளிப் பஞ்சு, அதற்கு மேல், சூடு இருக்கும் பக்கமாக, பொலித்தீன் தாள். தாளை மாறிப் போட்டால் ஈரம் சுவருக்குள் தங்கி மரத்தை உக்க வைக்கும். ஹீற்றரே இல்லாமல் வெளியே -5, உள்ளே 4.

டிசம்பர் 3
அப்பாவின் ஸ்கான் 11ஆம் திகதி.

டிசம்பர் 7
காஸா கரண்டா என்று ஒரு கிழமை யோசித்தாயிற்று. காஸ் மலிவு, சூடும் அதிகம். ஆனால் லைசென்ஸ் உள்ளவர்தான் பூட்ட வேண்டும், புகைபோக்கி வேண்டும், நெருப்பு இருக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படுத்திருக்கும். கரண்டிலும் பொறி வரலாம்தான், அதனால் ஹீற்றரைக் கூரையோடு மாட்டினோம். காரின் ராங்கை வெறுமையாக்கி, பெற்றோல் கானைத் தோட்டத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோனேன்.

கரண்ட் ஹீற்றர்தான்: 5,000 வாட், சூட்டுக் கணக்கில் மணிக்கு ஏறக்குறைய 17,000 பி.ரி.யு. (BTU). 240 வோல்ற், தனி 30 அம்பியர் பிறேக்கர், 10ஆம் நம்பர் வயர். அறிவித்து, பரிசோதகர் வந்து பார்த்துத்தான் போட்டோம். வாரநாளில் மாலை ஏழுக்குப் பிறகு இங்கே கரண்ட் மலிவு. நானும் அப்போதுதான் வேலையால் வருகிறேன்.

டிசம்பர் 11
ஆஸ்பத்திரிக் கொரிடோரில் நாலு மணித்தியாலம். சிலிண்டர் ஹெட் நட்டை இறுக்க 40 இறாத்தல்-அடி. நடுவிலிருந்து வெளியே. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 14
15 பாகை!

காற்று ஒரு மணித்தியாலத்தில் சூடாகிறது. இரும்புக்கு ஒரு நாள், கொங்கிறீற் நிலத்துக்கு இரண்டு நாள். காற்றின் பாகையை மட்டும் பார்த்து ஏமாந்திருக்கிறேன். இனி எப்போதும் 8இல் வைத்து, வேலைக்கு மட்டும் 15க்கு ஏற்றுவேன். இரும்பு காற்றோடு சேர்ந்தே இருந்தால் வியர்க்காது.

அப்பாவுக்குக் கதிரை, காலடியில் ரப்பர் விரிப்பு, இரண்டு போர்வை. “ஸ்ரேரிங் மாறிக் கிடக்கு” என்றார். கனடாவில் விற்ற கார், இடப்பக்கம்தான். வால்வ் இடைவெளி 0.012 அங்குலம் என்று நான் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, அவர் இடைவெளி அளக்கும் தகட்டை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். “இறுக்கமாய் வரவேணும், ஆனால் வரவேணும்.” எட்டு வால்வையும் அவரே பார்த்தார். கை நடுங்கவில்லை.

டிசம்பர் 15
எஞ்சினை எப்படிக் கிளப்புவது? முழு இரவும் இதுதான். கதவை மூடிக்கொண்டு ஓடவிட்டால் சில நிமிடத்தில் ஆளைக் கொன்றுவிடும். கதவைத் திறந்தால் இத்தனை நாள் சேர்த்த சூடு முழுக்கப் போய், அப்பா -10இல் இருப்பார். அவருக்குச் சளி பிடிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபோனில் பதிந்து காட்டலாமே என்கிறாள் மகள். அது சத்தம் மட்டும். சீற்றுக்கு அடியால் வரும் அந்த அதிர்வு ஃபோனில் வருமா?

சமையலறை ஜன்னலுக்கு உள்ளே அவரை இருத்தலாம். இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்றால் ஆஸ்பத்திரி மாதிரி.

டிசம்பர் 18
இன்று கராஜுக்குப் போகவில்லை. கஞ்சி இரண்டு கரண்டி.

டிசம்பர் 21
புகைக்குழாயில் மாட்டும் நீண்ட ஹோஸ் வந்துவிட்டது. பக்கக் கதவில் ஒரு பலகையை வெட்டி வெளியே விடலாம். ஆனாலும் கசியும். பெரிய கதவு திறந்துதான் இருக்க வேண்டும். அப்பா கார் சீற்றில், வெந்நீர்ப் போத்தலோடு, முழு உடுப்போடு, இரண்டே நிமிடம். இரண்டு நிமிடம் போதும் என்று அவரே சொல்கிறார்.

டிசம்பர் 23
பற்றரி வீட்டுக்குள். கடும் குளிரில் அதன் பலம் பாதிக்கு இறங்கிவிடும். 20W-50 எண்ணெயையும் உள்ளே எடுத்து வைத்தேன், வெளியே பனங்கட்டிப் பாணி போல இருந்தது. பிளக் போடாமல் கைபிடியால் சுற்றினேன், லேசாகச் சுற்றியது. பிளக் போட்டுச் சுற்றியபோது நாலு சிலிண்டரும் தனித்தனியாக எதிர்த்தன. அப்பா மேலே கட்டிலில் இருந்து கேட்டாராம்: “சுத்துறானோ?”

டிசம்பர் 26
வெளியே -17. கராஜ் 9. ஞாயிறு -3 என்கிறார்கள். ஞாயிறு.

டிசம்பர் 27
விடிய 4.20. அம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. அப்பா சாவியைக் கேட்டார், கையில் கொடுத்தேன். ஹீற்றரை 8க்கு இறக்கவில்லை. 15இலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.