புருஷனை அடக்கும் விரல்

ஜூலை 2
பாடசாலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றினால், வலக்கால் இரண்டாம் விரலின் நடு மொழியில் (மூட்டில்) தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. ஒரு வருடமாகவே இந்த விரல் கூன் போட்டு வருவது தெரியும், கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன். பெருவிரலை விட நீளம் என்பதால் "புருஷனை அடக்குவாள்" என்று ஊரே சொல்லிச் சிரித்த விரல். அவரை அடக்கியதாகத் தெரியவில்லை, என்னைத்தான் இப்போது நடக்க விடாமல் வைத்திருக்கிறது.

ஜூலை 4
அம்மாவுக்கு சீனி (நீரிழிவு) கிளினிக். லீவு போட்டு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். டொக்டர் என் விரலைப் பிடித்து நிமிர்த்தினார், நிமிர்ந்தது. கையால் நிமிர்கிற வரைக்கும் சப்பாத்தை மாற்றியே சமாளிக்கலாமாம், இறுகிப்போய் வலியும் விடாமல் இருந்தால்தான் சத்திரசிகிச்சைப் பேச்சு. நடு மொழி மடிந்தால் ஹாமர் டோ, நுனி மொழி மட்டும் மடிந்தால் மாலட் டோ, அடிமொழி மேலே எழும்பி மற்ற இரண்டும் உள்ளே வளைந்து கோழிக்கால் மாதிரி நின்றால் க்ளோ டோ. எனக்கு முதலாவது. நீள விரல் ஒடுங்கிய முனைக்குள் இடமில்லாமல் மடிந்து மடிந்தே அப்படிப் பழகிவிடுகிறது.

பிறகு அம்மாவின் காலைப் பார்த்தார். விரல்கள் எல்லாம் அந்தக் கோழிக்கால் கணக்கு. நோகுதா என்று கேட்டதற்கு, "ஒண்டும் நோகல்ல மகன்" என்றார் அம்மா, பெருமையாக. கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலோன் இழையை உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தினார், பாதி இடத்தில் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. நீண்ட நாள் சீனியால் நரம்பு கெட்டால் பாதத்தின் சின்னத் தசைகளும் சோர்ந்து விரல் அப்படி வளையுமாம். நோகாததுதான் டொக்டருக்குக் கவலை. அம்மா பாமசியில் வாங்கிக் கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரை உடனே நிறுத்தச் சொன்னார், அதிலுள்ள அசிட் நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடுமாம். பிளேட்டால் சீவுவதும் கூடாது. (சீவிக்கொண்டிருந்தது நான்தான், சொல்லவில்லை.)

ஜூலை 8
சப்பாத்து வாங்கப் பின்னேரம் டவுனுக்கு. பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும். கடதாசியில் பாதத்தை வரைந்து வெட்டி எடுத்துப் போய் ஒவ்வொரு சப்பாத்தின் மேலும் வைத்துப் பார்த்தேன், கடைப் பையன் ஒரு மாதிரிப் பார்த்தான். பழைய சப்பாத்தில் கடதாசி இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் அதற்குள்தான் காலைத் திணித்திருக்கிறேன்! அகல முனை, தாழ்ந்த குதி, உள்ளே விரல் அசைய இடம், அவ்வளவுதான் வேண்டும். அழகு கிடையாது, சாரிக்குக் கண்றாவியாக இருக்கிறது, பரவாயில்லை.

ஜூலை 17
நிலத்தில் துவாயைப் போட்டு விரலால் சுருட்டி இழுக்கும் பயிற்சி. மூன்று நாள் செய்தேன், நாலாம் நாள் மறந்தேன். சிவப்பு போய்விட்டது. கூன் அப்படியே இருக்கிறது, பயிற்சியால் அது போகுமென்று டொக்டரும் சொல்லவில்லை.

ஜூலை 25
நேற்று ஆடி அமாவாசை. மாமாங்கக் கோவிலுக்கு வெறுங்காலோடுதான் போவேன் என்று அம்மா அடம். சுடுமணல் சுட்டாலும் தெரியாது என்று சண்டை போட்டு, வெயில் ஏறுமுன் கூட்டிப்போய், வாசல் வரை செருப்போடு நடத்தினேன். இரவு வழக்கம்போல் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காலுக்குக் கீழே பிடித்தேன். இடக்கால் சின்ன விரலுக்குக் கீழே ஒரு முள், ரத்தம் காய்ந்திருந்தது.

"எப்ப குத்தினது?" என்று அம்மா என்னையே கேட்கிறார்.