பண்ணைக் குட்டையில் படர்ந்த ஆகாயத்தாமரையைக் களைக்கொல்லியால் கட்டுப்படுத்திய அனுபவம்

திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் நிலத்தின் தாழ்ந்த மூலையில் முக்கால் ஏக்கர் பரப்பில் பண்ணைக் குட்டை ஒன்று இருக்கிறது. மேட்டூர் அணை திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் குட்டை நிரம்பத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை அதை விளிம்புவரை உயர்த்தும். கோடையில் காய்கறிக்கும் பருத்திக்கும் அந்தத் தண்ணீர்தான் ஆதாரம். கட்லா, ரோகு, மிர்கால் மீன்களையும் அதிலேயே வளர்க்கிறோம். வாய்க்கால் தண்ணீரோடு மிதந்து வந்த சில ஆகாயத்தாமரைச் செடிகள் ஒரே பருவத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இந்தக் குட்டையை மூடிவிட்டன. களைக்கொல்லியின் துணையோடு அதை எப்படிக் கட்டுப்படுத்தினோம் என்பதை, இதே சிக்கலில் இருக்கும் விவசாயிகளுக்குப் பயன்படும் என்று கருதி விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கையால் அள்ளத்தான் முயன்றோம். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. நல்ல வெயிலும் உரச்சத்து கலந்த தண்ணீரும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள்ளாகவே அதன் பரப்பு இரட்டிப்பாகிவிடும். செடியின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். மெத்தைபோல் அடர்ந்து கிடக்கும் நிலையில் ஒரு எக்டேரில் அதன் பச்சை எடை 200 டன்னைத் தாண்டக்கூடும். எங்கள் குட்டைக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 60 டன் வருகிறது. மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவ்வளவு எடையைக் கரையேற்ற ஆட்கள் வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆட்கள் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் அள்ளி முடிப்பதற்குள் மறுபக்கத்துச் செடிகள் அந்த இடத்தை நிரப்பிவிட்டன. பொக்லைன் வைத்து அள்ளலாம் என்றால் கரை சரியும், குட்டையின் அடியில் நீர் இறங்காமல் காக்கும் களிமண் படுகையும் குலையும்.

நியோகெட்டினா என்ற கூன்வண்டுகளை விட்டு இந்தச் செடியைக் கட்டுப்படுத்தும் முறை 1980களிலேயே பெங்களூரில் தொடங்கப்பட்டு நல்ல பலன் தந்தது. ஆயினும் அது பெரிய ஏரிகளுக்கு ஏற்ற முறை. வண்டு பெருகிச் செடியை அடக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். கோடையில் பாதி வற்றிவிடும் சிறு குட்டையில் வண்டுகள் நிலைப்பதும் கடினம். ஆகவே, மெத்தையை உடைப்பதற்கு ஒருமுறை களைக்கொல்லி, அதன்பின் என்றைக்கும் கைவேலை என்று முடிவு செய்தேன். களைக்கொல்லியை மட்டுமே நம்பி ஆண்டுதோறும் தெளிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மீனும் பாசனமும் இருக்கும் தண்ணீரில் அது தேவையற்ற ஆபத்து.

எந்த மருந்து என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். நான் முதலில் சென்ற உரக்கடையில் கிளைபோசேட்டை எடுத்து நீட்டினார்கள். பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக அன்றி வேறு யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஆணை பிறப்பித்திருக்கிறது. மேலும், வயல்வரப்பில் அடிப்பதற்காக விற்கப்படும் கிளைபோசேட்டில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் பொருள்கள் மீனுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் நஞ்சாக அமைவதுண்டு. பாராகுவாட் ஒரே நாளில் இலையைக் கருக்கிவிடும். ஆனால் தண்டின் உட்குருத்துவரை இறங்காததால் செடி மீண்டும் துளிர்க்கும். அது மனித உடலுக்குள் சென்றால் முறிவு மருந்தும் கிடையாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

வேளாண்மை அறிவியல் நிலையத்தின் உழவியல் வல்லுநரிடம் குட்டையின் அளவு, ஆழம், மீன், சுற்றிலும் உள்ள பயிர்கள் ஆகிய அனைத்தையும் எழுதிக் கொடுத்துக் கேட்டேன். அவர் 2,4-டி அமைன் உப்பு 58 சதவீதக் கரைசலைப் பரிந்துரைத்தார். 2,4-டி என்ற பெயரில் கடையில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல என்பதை அவர் அழுத்திச் சொன்னார். எஸ்டர் வகை எளிதில் ஆவியாகிக் காற்றில் பரவும், மீனுக்கும் கூடுதல் நஞ்சு. அமைன் உப்பு அவ்வளவாக ஆவியாகாது. இரண்டாவது கடையில் எனக்கு எஸ்டர் வகையையே, “எல்லாம் ஒரே மருந்துதான்” என்று சொல்லிக் கொடுக்கப் பார்த்தார்கள். டப்பாவின் லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் உப்பின் பெயரையும் சதவீதத்தையும் படித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்; ரசீதும் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்து, பக்கத்து வயல். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்குச் சற்று முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தை விதைத்துவிடுவது வழக்கம். உளுந்து முடிந்தால் பருத்தி வரும். நெல்லும் கரும்பும் 2,4-டியைத் தாங்கும். உளுந்து, பருத்தி, கத்தரி, தக்காளி, வெண்டை போன்ற அகன்ற இலைப் பயிர்கள் அதன் சாரல் பட்டாலே கெட்டுவிடும். பருத்தியோ அணுவளவு மருந்துக்கும் இலையைச் சுருக்கி, நரம்புகள் விரல்கள்போல் நீண்டு நிற்கும்படி உருமாறிவிடும். ஜனவரி 28 அன்று மேட்டூர் அணையை மூடுவது மரபு. அதன்பின் வாய்க்காலில் புதுச்செடி வராது, குட்டையிலிருந்து தண்ணீர் வெளியே வழிந்தோடவும் செய்யாது. ஆகவே பிப்ரவரிதான் சரியான காலம். ஆனால் அப்போது எங்கள் குட்டையின் கிழக்குக் கரையை ஒட்டிப் பக்கத்து நிலத்துக்காரரின் உளுந்து இரண்டு இலையில் நின்றது.

அவரிடம் நேரில் சென்று, என்ன மருந்து, எந்த நாள், என்ன ஆபத்து என்று ஒளிக்காமல் சொன்னேன். “தம்பி, அடிக்கிறது உங்க குட்டையில. ஆனா காத்து உங்க பேச்சைக் கேக்காதே” என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். எனவே கிழக்குக் கரையை ஒட்டிப் பத்து மீட்டர் அகலத்துக்கு மருந்தே படாமல் முழுவதையும் கையால் அள்ளிவிடுவதாக ஒப்புக்கொண்டேன்; தெளிக்கும் நாளில் அவரும் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அள்ளுவதற்குக் கூடுதலாகக் கூலி ஆனது உண்மை. அந்தப் பத்து மீட்டர்தான் இந்த வேலை முழுவதிலும் நான் செய்த மிகச் சரியான செலவு என்று இப்போதும் கருதுகிறேன்.

மீனைப் பற்றிய கவலை வேறு வகையானது. சரியான அளவில் தெளித்தால் அமைன் உப்பு மீனை நேரடியாகக் கொல்வதில்லை. செத்த செடி அழுகும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால்தான் மீன் சாகிறது. குட்டை முழுவதையும் ஒரே நாளில் தெளித்தால், இரண்டு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மிதக்கும். மருந்துதான் கொன்றது என்று நாமும் நம்பிவிடுவோம். இதைத் தவிர்க்க, நைலான் கயிற்றில் வெற்றுப் பிளாஸ்டிக் கேன்களை மிதவையாகக் கட்டிக் குட்டையைக் குறுக்கே மூன்றாகப் பிரித்தோம். ஒரு பாகத்தைத் தெளித்து, அது செத்து, அதில் பெரும்பகுதியை அள்ளிய பிறகே அடுத்த பாகம். இரண்டு தெளிப்புகளுக்கு இடையே குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும் என்பது வல்லுநரின் கண்டிப்பான சொல். தொடங்கும் முன்பே விற்பனை எடைக்கு வந்த மீன்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைத்தோம்.

அளவைக் கணக்கிட்ட முறையைச் சொல்கிறேன். எக்டேருக்கு ஒரு கிலோ மூலப்பொருள், அதாவது கரைசலில் களையைக் கொல்லும் பகுதி மட்டும், என்று வல்லுநர் எங்களுக்குப் பரிந்துரைத்தார். 58 சதவீதக் கரைசலில் அது ஏறத்தாழ 1.72 லிட்டர். ஒரு பாகம் 25 சென்ட், அதாவது பத்தில் ஒரு எக்டேர். எனவே பாகத்துக்கு 172 மில்லி மருந்து, 50 லிட்டர் தண்ணீர். கைத்தெளிப்பானின் டேங்க் 16 லிட்டர் பிடிக்கும் என்பதால் டேங்குக்கு 57 மில்லி வீதம் மூன்று டேங்க். கிழக்கு விளிம்பு நீங்கலாகத் தெளித்ததால் மூன்றாவது டேங்க் முழுதாகத் தேவைப்படவில்லை. இந்த அளவு எங்கள் குட்டைக்கு, எங்கள் சூழலைப் பார்த்துச் சொன்னது. நீங்கள் வாங்கும் டப்பாவின் லேபிளும் உங்கள் பகுதி வல்லுநரின் சொல்லுமே உங்களுக்கு முடிவானவை.

மருந்து கலக்கும் தண்ணீரிலும் கவனம் தேவை. அமைன் உப்பு கடின நீரில் திரிந்து நாசிலை அடைத்துக்கொள்ளும். எங்கள் ஆழ்குழாய் நீர் உப்பேறியது என்பதால் தொட்டியில் பிடித்து வைத்திருந்த மழைநீரைப் பயன்படுத்தினோம். ஆகாயத்தாமரையின் இலை மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாக இருப்பதால் ஒட்டும் திரவமும் சேர்க்க வேண்டியிருந்தது. தெளிப்பான் களைக்கொல்லிக்கென்றே தனியாக வாங்கியது. 2,4-டி அடித்த டேங்கை எவ்வளவு கழுவினாலும் மிச்சம் ஒட்டியிருக்கும். அதே டேங்கில் பிறகு கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தால் கத்தரி போய்விடும்.

பனி உலர்ந்து, காற்று எழுவதற்கு முன் உள்ள காலைப்பொழுதில் தெளித்தோம். இலையில் பனி நிறைந்திருந்தால் மருந்து வழிந்து தண்ணீரில் விழும். பெரிய துளிகளாக விழும் வகையில் தட்டை விசிறி நாசிலைப் பொருத்தி, அழுத்தத்தைக் குறைத்து, இலைக்கு ஓரடி உயரத்தில் பிடித்து அடித்தோம். கரையிலிருந்து எட்டாத நடுப்பகுதிக்கு வாழைமரத் தெப்பம் கட்டினோம். தெளித்தவர் முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிந்திருந்தார்; இடுப்பில் காற்றடைத்த டியூபும் கட்டியிருந்தார். தோளில் 16 லிட்டர் சுமையோடு ஒருவர் தண்ணீரில் விழுந்தால் எழுவது கடினம். கரையில் ஒரு கழியில் பட்டுநூலைக் கட்டி வைத்து, அது கிழக்கே சாயத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் தொடர்ந்தோம்.

இந்த மருந்து செடியின் வளர்ச்சி ஊக்கியைப்போல் நடித்து, கட்டுக்கடங்காத வளர்ச்சியைத் தூண்டிக் கொல்கிறது. அதைக் கண்ணெதிரே பார்க்கலாம். மறுநாளே நிமிர்ந்திருந்த இலைக்காம்புகள் முறுக்கிக்கொண்டு வெளிப்புறமாக வளைந்தன. இலைத்தாள்களின் அடிப்புறம் மேலே தெரிந்தது. ஒரு வாரத்தில் மஞ்சள் ஏறி, பிறகு காம்பின் உப்பிய பகுதி பஞ்சுபோல் மெலிந்து, பழுப்பாகித் தாழ்ந்தது. ஆனால் அடர்த்தியான இடங்களில் மேல்செடி குடைபிடித்ததால் அடியில் இருந்த இளஞ்செடிகள் மருந்து படாமல் தப்பின. அவற்றுக்கு இரண்டாம் முறை மருந்தைத் தொடவில்லை; மெத்தை உடைந்துவிட்டதால் வலைக்கூடையால் அள்ளுவது எளிதாகவே இருந்தது.

செத்த செடி மூழ்குவதற்குள் அள்ளிவிட வேண்டும். மூழ்கினால் அது உறிஞ்சிய சத்தெல்லாம் குட்டைக்கே திரும்பி, அடுத்த தலைமுறைச் செடிக்கு உரமாகிவிடும். அள்ளியதைக் கரைக்கு வெளிப்புறம், சாறு மீண்டும் குட்டைக்குள் வடியாத சரிவில் காய வைத்தோம். மருந்து பட்டது என்பதால் காய்கறிக்கான மட்கு உரக் குழியில் அதைச் சேர்க்கவில்லை. மாடுகளையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. 2,4-டி பட்டு வாடும் செடிகள் சில சமயம் மாட்டுக்கு முன்னைவிடச் சுவையாகத் தோன்றும், அவற்றில் நைட்ரேட்டும் கூடியிருக்கலாம்.

இந்த நாட்களில் விடியும் முன் ஆக்சிஜன் சோதனைப் பெட்டியால் தண்ணீரைப் பார்ப்பது வழக்கமாயிற்று. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை மீன்களுக்கு நிம்மதி. 3க்குக் கீழே போனால் ஆபத்து. இரண்டாம் பாகம் அழுகத் தொடங்கியபோது அளவு 3.5க்கு இறங்கி, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. உடனே பம்புசெட்டை ஓடவிட்டு, குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி உயரத்திலிருந்து குட்டைக்குள் விழச் செய்து, வெயில் ஏறும்வரை நிறுத்தாமல் வைத்திருந்தோம். மீன் ஒன்றும் சாகவில்லை.

பாசனத்துக்கு அந்தத் தண்ணீரை எப்போது எடுக்கலாம் என்பது கடைசிக் கேள்வி. கடைசித் தெளிப்பிலிருந்து குறைந்தது மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார்கள். நாட்களை எண்ணுவதோடு நிற்காமல், ஒரு வரிசைத் தொட்டிகளில் தக்காளியும் பருத்தியும் முளைக்கவிட்டு, பாதிக்குக் குட்டைத் தண்ணீரும் மீதிக்கு மழைநீரும் ஊற்றி வந்தேன். முதலில் குட்டைத் தண்ணீர் ஊற்றிய தொட்டிகளில் தக்காளியின் குருத்திலைகள் சற்றே உட்பக்கமாகச் சுருண்டன. சில வாரம் கழித்துப் புதிதாக முளைக்க வைத்த நாற்றுகளில் இரு வரிசைக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதற்குப் பிறகே மோட்டாரைப் போட்டேன். பக்கத்து வயல் உளுந்தில் ஓர் இலைகூடச் சுருங்கவில்லை. அறுவடைக்கு முன் அவரோடு சேர்ந்து வரப்போரம் நடந்து பார்த்தோம்.

ஆகாயத்தாமரையின் விதை சேற்றில் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். ஏப்ரலில் தண்ணீர் இறங்கி ஓரச்சேறு வெயிலைக் கண்டதும், அரிசி அகலத்தில் இலை விட்ட நாற்றுகள் விளிம்பெங்கும் முளைத்தன. அந்தப் பருவத்தில் அவற்றைக் கையால் வழித்து எடுப்பது சிறுவர்கள்கூடச் செய்யும் வேலை. விட்டுவிட்டால் புதுத்தண்ணீர் வந்ததும் மிதக்கத் தொடங்கிவிடும். மேட்டூர் அணையைத் திறக்கும் மரபு நாளான ஜூன் 12க்கு முன் வாய்க்கால் மடைக்குக் குறுக்கே இரண்டு அடுக்கு வைத்தோம்: வெளியே மூங்கில் தட்டி, உள்ளே சிறு கண்ணுள்ள நைலான் வலை. தண்ணீர் வந்த முதல் வாரங்களில் தட்டியில் தினமும் செடிகள் சேர்கின்றன; காலையில் மடை திறக்கும் முன் அவற்றை அள்ளி, வேர் மேலே இருக்கும்படி வரப்பில் கவிழ்த்துப் போடுகிறோம்.